தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறது: பள்ளியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

இரண்டாம் வகுப்பு அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை மாற்றலாகி நாங்கள் புது ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளியில் பேசுகிற மொழி அவளுக்குப் புதிது, வீட்டில் நாங்கள் எங்கள் மொழிதான். முதல் இரண்டு வாரம் தினமும் அழுதாள், அப்புறம் அழுகை நின்றுவிட்டது. சரி, பழகிவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். வகுப்பு டீச்சரும் "ரொம்ப சமத்து, இவளால் ஒரு தொந்தரவும் இல்லை" என்றுதான் சொன்னார்.

போன மாதம்தான் கவனித்தேன். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது, ஒரு வாய்கூடக் குறையவில்லை. கேட்டால் "தாகம் எடுக்கல" என்றாள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மெல்லச் சொன்னாள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் வரும், பாத்ரூம் வந்தால் மிஸ்ஸிடம் கேட்கணும், அதைக் கேட்க வாயைத் திறந்தாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் குடிப்பதே இல்லையாம். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் இடைவேளை நேரத்தில், மறந்துவிட்டுப் போன நோட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். மைதானம் முழுக்கக் கூச்சல். இவள் மட்டும் சுவரை ஒட்டியே நடந்துகொண்டிருந்தாள், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, திரும்ப அந்த மூலைக்கு. யாரும் அடிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. யாருக்கும் அவள் அங்கே இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிலையில் அடுத்த மாதம் கலாசார தினமாம். வெளியூர்ப் பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் வந்து மேடையில் அவரவர் மொழியில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வந்த நாளிலிருந்து காலையில் வயிற்று வலி என்கிறாள்.

டீச்சரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? குறை சொல்லும் பெற்றோர் என்று பெயர் வாங்கவும் பயமாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசு, தானாகச் சரியாகும் என்கிறார்கள். என் கதையும் பெரிதாக வேறு இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வருவதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்து, எல்லோரும் சிரித்து முடித்து ஐந்து நிமிடம் கழித்து நான் ஒரு சிரிப்புப் பொம்மை போடுகிறேன்.

---

சாக்பீஸ் தூசி பதில்:

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, ஒன்றும் இரண்டும்தான் பல வருடமாக என் வகுப்பு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா, "தொந்தரவே இல்லை" என்று நாங்கள் சொல்கிற பிள்ளைகளைத்தான் நாங்கள் சரியாகப் பார்ப்பதில்லை. கத்துகிற பிள்ளை எப்படியும் கண்ணில் படும். சுவரை ஒட்டி நடக்கிற பிள்ளை, டியூட்டி டீச்சர் பின்னாலேயே வருகிற பிள்ளை, இடைவேளை முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளை, பென்சில் சீவுகிற சாக்கில் வகுப்பிலேயே தங்கிவிடுகிற பிள்ளை, இவர்களையெல்லாம் அடையாளம் கண்டுகொள்ள எனக்கே சில வருடம் ஆனது.

மற்றதையெல்லாம் பிறகு பார்க்கலாம், நாளைக்கே பாட்டில் விஷயத்தைப் பேசுங்கள். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்றிலும் மலச்சிக்கலிலும் கொண்டுபோய் விடும். அந்தக் காலை வயிற்று வலி பயத்தால் மட்டும்தானா என்று டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இது உடம்பு சம்பந்தப்பட்டது, இதைக் கேட்பதால் யாரும் உங்களைக் குறை சொல்லும் பெற்றோர் என்று நினைக்கப் போவதில்லை. கேட்பதும் ரொம்பச் சின்ன விஷயம்தான். உள்ளங்கை அளவு அட்டை, அதில் ஒரு படம். மேசை மேல் அதைத் திருப்பி வைத்தால் "போய் வா" என்று டீச்சர் தலையை ஆட்டுவார், ஒரு வார்த்தை வேண்டாம். என் வகுப்பில் அந்த அட்டை எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அதுவே இன்னொரு முத்திரை ஆகிவிடும், அதை மட்டும் டீச்சரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பேசாமல் இருப்பதைப் பற்றி. புது மொழிக்குள் வந்து விழுகிற பிள்ளைகளில் நிறைய பேர் சில வாரம், சிலர் சில மாதம்கூட வாயே திறக்க மாட்டார்கள். காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் "பேசு, பேசு" என்று நெருக்கினால் இன்னும் உள்ளே போய்விடும். வீட்டில் உங்களோடு வாய் ஓயாமல் பேசுகிறாளா? ராத்திரி இருட்டில் இவ்வளவு சொல்லியிருக்கிறாளே, அது நல்ல அறிகுறி. புது மொழி நன்றாகப் புரிய ஆரம்பித்த பிறகும் மாதக்கணக்கில் பள்ளியில் ஒரு சொல்கூட வரவில்லை, தெரிந்த மொழி பேசும் பிள்ளையிடம்கூட அங்கே பேசுவதில்லை என்றால் அது வேறு. செலக்டிவ் மியூட்டிசம் என்று பதற்றம் சார்ந்த ஒன்று உண்டு, அதற்கு நிபுணர் பார்க்க வேண்டும். ஆனால் மொழி தெரியாததால் வருகிற மௌனத்துக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

வீட்டு மொழியை மாற்றவே மாற்றாதீர்கள், சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979-இல் இதைப் பிரித்துச் சொன்னார், விளையாட்டு மைதானத்தில் பேசுகிற மொழி வேறு, பாடத்தில் யோசிக்கிற மொழி வேறு. முதலாவது ஏறக்குறைய 2 வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதற்கு 5 முதல் 7 வருடம்கூட ஆகலாம். வீட்டு மொழியில் ஒரு விஷயம் ஆழமாகப் புரிந்திருந்தால் புது மொழியில் அதற்குப் பெயர் கற்றுக்கொண்டால் போதும், இல்லையென்றால் விஷயத்தையும் பெயரையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கும். அதோடு, நாள் முழுக்க வாய் கட்டிப்போட்ட மாதிரி இருந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு வீட்டிலாவது வாய் திறக்க இடம் வேண்டாமா?

---

இரண்டு பிள்ளை அப்பா பதில்:

டீச்சரம்மா சொன்னதில் அட்டை விஷயம் அருமை, எங்களுக்கு யாராவது அப்போது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் இரண்டு விஷயம் சொல்கிறேன், நாங்கள் அடிபட்டுக் கற்றது. ஒன்று, "துணைத் தோழன்" ஏற்பாடு. பள்ளிக்காரர்கள் முதலில் இதைத்தான் தருவார்கள், ஒரு நல்ல பிள்ளையைப் பிடித்து "இவனைப் பார்த்துக்கொள்" என்று விட்டுவிடுவார்கள். என் பெரியவனுக்கு அப்படி ஒரு பையன் கிடைத்தான், தங்கமான பையன்தான். மூன்றாவது வாரம் அந்தப் பையன் தன் அம்மாவிடம் அழுதிருக்கிறான், எனக்கு ஃபுட்பால் ஆடவே நேரமில்லை என்று. பாவம், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேலைதானே. என் பையனுக்கும் தெரிந்துவிட்டது, அவன் அவனாகவே ஒதுங்கிக்கொண்டான். அதனால் துணை கேட்டால் ஒருவரைக் கேட்காதீர்கள், இரண்டு மூன்று பேர் மாறி மாறி வருகிற மாதிரி, அதுவும் ஏதாவது ஒரு காரியத்தை முன்னால் வைத்துக் கேளுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடைவேளை முடிந்ததும் பந்துகளை எண்ணிப் பெட்டியில் போடுவது. கையில் வேலை இருந்தால் பேச்சு பக்கத்தில் தானாக வந்து உட்காரும். எங்களுக்குக் கைகொடுத்தது பந்து எண்ணுகிற வேலைதான். என் பையன் புது மொழியில் முதலில் கற்றது ஒன்று முதல் இருபது வரை, அதுவும் பன்னிரண்டை எப்போதும் விட்டுவிடுவான், மற்ற பிள்ளைகள் சேர்ந்து கத்திச் சொல்வார்கள்.

இரண்டாவது, தயவுசெய்து மகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள். இப்போது இல்லை, இரண்டு வருடம் கழித்து வரும் அந்த வேலை. எங்கள் சின்னவளைப் பற்றி ஒரு பெற்றோர் சந்திப்பு. எங்களுக்கு மொழி வராது, பெரியவனை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். தங்கச்சிக்குப் படிப்பில் ஏதோ சிக்கல் இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்ல, ஒன்பது வயதுப் பையன் அதைக் கேட்டு, முழுங்கி, எங்களிடம் "ஒண்ணும் இல்ல, நல்லா படிக்கச் சொல்றாங்க" என்றான். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரம் அதை அவனே சுமந்திருக்கிறான். சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. பொய் சொல்லிவிட்டானே என்று அன்று அவன் மேல் கோபப்பட்டேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி வீட்டில் பொறுமையாகப் படியுங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப் சிரிப்புப் பொம்மை. நானும் போட்டவன்தான்!

---

நேராகச் சொல்பவன் பதில்:

எல்லோரும் சேர்ந்து இதைப் பெரிதாக்குகிறீர்களோ என்று தோன்றுகிறது. நாங்களும் சின்ன வயதில் ஊர் மாறினோம், மொழி தெரியாமல் முழித்தோம், யாரும் அட்டை கொடுக்கவில்லை, ஆறு மாதத்தில் அடித்துப் பிடித்துச் சேர்ந்துகொண்டோம். பள்ளி என்பது படிப்புக்கு. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மனநிலையையும் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தால் பாடத்தை யார் நடத்துவது? பாத்ரூம் விஷயம் சரி செய்ய வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்றதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

---

சாக்பீஸ் தூசி பதில்:

தம்பி, நீங்கள் சேர்ந்துகொண்டீர்கள், சேர முடியாதவர்கள் இங்கே வந்து எழுதப் போவதில்லை. அதை விடுங்கள்.

பாடத்தை யார் நடத்துவது என்றீர்களே, பாடத்துக்குள்ளேயே இதைச் செய்யலாம் என்பதுதான் விஷயம். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் அதுவரை நிறத்தால் பிரித்து வைத்திருந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது அடிதடியாகப் போனது. எலியட் அரான்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் அன்பாக இருங்கள் என்று வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளை ஐந்தாறு பேராகப் பிரித்து, ஒரு பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மொழி தடுமாறுகிற பிள்ளையிடமும் ஒரு துண்டு இருக்கும், பரீட்சைக்கு அந்தத் துண்டும் வேண்டும். கிண்டல் செய்தால் துண்டு கிடைக்காது, பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும். இதை ஜிக்சா முறை என்கிறார்கள். நான் வாரத்தில் ஒரு பாடம் இப்படி நடத்துகிறேன், பெரிய வகுப்பென்றால் சத்தம் அதிகம், அது உண்மை. முதல் இரண்டு முறை குட்டிச்சுவர்தான் ஆகும். மூன்றாவது முறையிலிருந்து பிடிபடும். இரண்டாம் வகுப்புக்குத் துண்டு என்றால் நான்கு வரி, இல்லை ஒரு படம், அவ்வளவு போதும்.

இதெல்லாம் வெறும் ஒன்றாக உட்கார வைத்தால் நடக்காது. 1954-இலேயே கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் சொல்லிவிட்டார், சம அந்தஸ்து வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து செய்தால்தான் முடியும் என்ற வேலை வேண்டும், மேலே இருக்கிறவர்கள் இதை ஆதரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். இடைவேளையில் இந்த நாலில் ஒன்றுகூட இருப்பதில்லை, அதனால்தான் அந்தக் குழந்தை சுவரோடு நடக்கிறது.

---

மேடையில் நின்றவள் பதில்:

கலாசார தினம் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். எனக்கு இப்போது முப்பத்தி நாலு வயது, ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை அந்த மேடையில் ஒவ்வொரு வருடமும் நின்றவள்.

கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. கைதட்டுவார்கள், டீச்சர்கள் கன்னத்தைத் தட்டுவார்கள், "எவ்வளவு அழகான உடை" என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் நான்தான் நாயகி. மறுநாள் இடைவேளையில் அதே பிள்ளைகள் என் வணக்கத்தை இழுத்து இழுத்துச் சொல்லிச் சிரிப்பார்கள். வருடத்தில் ஒரு நாள் காட்சிப் பொருள், மற்ற நாள் எல்லாம் கண்ணுக்கே தெரியாத ஆள். இந்த மாதிரிக் கொண்டாட்டங்களைச் சுற்றுலாப் பயணி பார்வை என்று கல்வியாளர்களே விமர்சிக்கிறார்கள், போய்ப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்துவிடுகிற மாதிரி.

எனக்கு அந்தக் கடிதத்தில் உறுத்துவது "வெளியூர்ப் பிள்ளைகள்" என்ற சொல். அப்படியென்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் கலாசாரமே இல்லையா? அவர்கள் எல்லாம் சாதாரணம், நாம் மட்டும் விசேஷம். ஹெச்.எம்.மிடம் கேட்க வேண்டியது இதைத்தான், நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்ல வேண்டாம், எல்லா வீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் கேட்டு வரட்டும், உனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள், பாட்டி சின்ன வயதில் என்ன விளையாட்டு விளையாடினார். பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். மேடை வேண்டாம், மைதானத்தில் நான்கு இடத்தில் நான்கு விளையாட்டு, பிள்ளைகள் சுற்றி வரட்டும். விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க மொழியே பெரிதாக வேண்டாம், "இப்படி" என்று செய்து காட்டினால் போதும்.

உங்கள் மகளுக்கு மேடை ஏற விருப்பமில்லை என்றால் ஏற வேண்டாம். இது அடம் இல்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 30-ஆம் பிரிவு, சிறுபான்மைப் பிள்ளைக்குத் தன் மொழியையும் பண்பாட்டையும் தன் மக்களோடு சேர்ந்து அனுபவிக்க உரிமை உண்டு என்கிறது. அது உரிமை, கடமை இல்லை. 12-ஆம் பிரிவு, பிள்ளையைப் பாதிக்கிற விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. இதைப் போய்ப் பள்ளியில் சட்டப் புத்தகம் மாதிரி வாசிக்காதீர்கள், வேலைக்கு ஆகாது. உங்கள் மனதில் ஒரு தைரியத்துக்கு.

இன்னொன்று, மகளின் பெயரைச் சரியாகச் சொல்கிறார்களா? என் பெயரைச் சுருக்கி, வேறு ஒரு பெயராக்கி, ஐந்து வருடம் நான் அதற்குத்தான் "பிரசன்ட்" சொன்னேன். உங்கள் குரலில் பெயரைப் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்புங்கள். பத்து விநாடி வேலை.

---

வெள்ளிக்கிழமை நூலகம் பதில்:

நான் வாரத்தில் ஒரு நாள் பள்ளி நூலகத்தில் உதவி செய்கிறேன், அதனால் சின்னதாக ஒன்று. ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-இல் எழுதினார், புத்தகம் மற்றவர் வாழ்க்கையைக் காட்டுகிற ஜன்னலாகவும் இருக்கலாம், நம்மையே காட்டுகிற முகக் கண்ணாடியாகவும் இருக்கலாம் என்று. சில பிள்ளைகளுக்கு அலமாரி முழுக்க ஜன்னல்தான், தன் முகம் தெரிகிற ஒன்றுகூட இருக்காது. உங்கள் மொழிப் படப் புத்தகம் இரண்டைக் கொடுத்து வைக்கலாமா என்று கேளுங்கள், முடிந்தால் நீங்களே போய் வாசியுங்கள். புரியாதே என்று தயங்க வேண்டாம். படம் இருக்கிறது, உங்கள் குரல் இருக்கிறது. நான் பார்த்த வரை, ஒரு அம்மா வந்து புரியாத மொழியில் வாசித்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள், அந்த அம்மாவின் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொல்லும். தானாக வந்து சொன்னால் சொல்லட்டும், சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. அந்த அப்பா சொன்ன மொழிபெயர்ப்பு வேறு, இது வேறு.

உங்களுக்கும் இது வழி. பள்ளி கேட்டுக்கு வெளியே நிற்கிற வரை நீங்கள் விருந்தாளி, உள்ளே ஒரு வேலை கிடைத்துவிட்டால் யாராவது பேச வருவார்கள்.

---

இரண்டாம் வகுப்பு அம்மா பதில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் பதில் எழுத நினைத்து நினைத்து நாள் ஓடிவிட்டது.

பாட்டில் விஷயத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். டீச்சர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் கவனிக்கவே இல்லை" என்றார், இரண்டு முறை சொன்னார். குறை சொல்லும் பெற்றோர் என்று நினைப்பாரோ என்று நான் பயந்ததெல்லாம் வீண். மறுநாளே வகுப்பு முழுக்க அட்டை வந்துவிட்டது, பிள்ளைகளே வரைந்தது. என் மகள் வரைந்த கதவில் கைப்பிடி ரொம்பப் பெரிது. டாக்டரிடமும் காட்டினோம், தொற்று எதுவும் இல்லை.

பந்து எண்ணுகிற வேலை அங்கே ஏற்கெனவே வேறு பிள்ளைகளிடம் இருக்கிறதாம். இவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மைதானத்தில் கோடு அழிந்த இடத்தில் சாக்பீஸால் திரும்பக் கட்டம் போடுகிற வேலை. வாரத்தில் மூன்று நாள். மற்ற இரண்டு நாள் இன்னும் சுவர்தான் என்று நினைக்கிறேன், கேட்டால் சொல்வதில்லை.

ஹெச்.எம். கலாசார தினத்தை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை, அழைப்பிதழ் அடித்தாகிவிட்டதாம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார், "பார்க்கலாம்" என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா. ஆனால் மகள் மேடை ஏற வேண்டாம் என்பதற்குச் சரி சொல்லிவிட்டார். அன்று அவள் திரை இழுக்கிற கயிறு பக்கம் நிற்கப் போகிறாள், அது அவளே கேட்டது. பெயரைப் பதிவு செய்து அனுப்பினேன், இப்போது டீச்சர் சரியாகச் சொல்கிறார், பிள்ளைகள் பாதிப் பேர் சொல்கிறார்கள். நூலகத்துக்கு இன்னும் போகவில்லை, எனக்கே வயிற்று வலி வருகிறது.

பாட்டில் இரண்டு வாரமாகப் பாதி, முக்கால் என்று குறைந்து வந்தது. நேற்று பாட்டிலே வரவில்லை. எங்கே என்று கேட்டேன். "மைதானத்துல இருக்கும்" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.